முப்பது மணி நாற்பத்தைந்து நிமிடம்



அண்மையில் என் மாணவர்களுக்கு ஒரு கணக்கு கொடுத்தேன். "செம்பனை ஆலையில் பணிபுரியும் அப்பா இரவு 10.45 மணிக்கு வேலையைத் தொடங்குகிறார். எட்டு மணிநேர வேலை. எத்தனை மணிக்கு முடியும்?" ஒரு மாணவன் 22.45 உடன் 8.00 ஐக் கூட்டி, 30.45 என்று விடை எழுதியிருந்தான்.

கூட்டலில் பிழையே இல்லை. ஆனால், அப்படி ஒரு மணி எந்தக் கடிகாரத்திலும் இல்லை. அவன் அப்பா விடியற்காலை 6.45க்கு வீடு திரும்புவதை நாள்தோறும் பார்ப்பவன் அவன். எண்ணைக் கற்றவன் பொருளை மறந்துவிட்டான்.

கணினிச் சிந்தனை முறை 2017ஆம் ஆண்டு முதல் நம் நாட்டுப் பாடத்திட்டத்தில் இடம்பெற்று வருகிறது. பெற்றோர் சிலர் கட்டணம் கட்டியும் பிள்ளைகளை நிரலாக்க வகுப்புகளுக்கு அனுப்புகின்றனர். அங்குப் பலர் கட்டளைகளைப் பார்த்து எழுதுகின்றனரே தவிர, ஏன் எழுதுகிறோம் என்பதை அறிவதில்லை. பொருள்நோக்கு நிரலாக்கத்தைத் தொடங்கும் மாணவன் எழுத வேண்டிய முதல் வகுப்பு 'நேரம்' என்பதே என் கருத்து. அதன் விதிகளை அவன் விசைப்பலகையைத் தொடுமுன் தமிழில் சொல்லிப் பழக வேண்டும்.

இங்கு வகுப்பு என்பது பள்ளி வகுப்பன்று. தோட்டத்து லயன் வீடுகளை எண்ணிப் பாருங்கள். வரைபடம் ஒன்று, வீடுகள் பல. அந்த வரைபடத்தைப் போன்றது வகுப்பு. அதைக் கொண்டு கட்டிய ஒவ்வொரு வீடும் ஒரு 'பொருள்'. 'நேரம்' என்னும் வகுப்பிலிருந்து பள்ளி தொடங்கும் நேரம், பேருந்து வரும் நேரம் என எத்தனை பொருள்களையும் உருவாக்கலாம்.

இவ்வகுப்பின் விதிகள் எளியவை. மணி 0 முதல் 23 வரை. நிமிடம் 0 முதல் 59 வரை. இவற்றை மீறும் எதையும் வகுப்பு வாசலிலேயே தடுக்க வேண்டும். பைத்தான் மொழியில் முன்பே அமைந்துள்ள நேர வகுப்பும் 7 மணி 75 நிமிடம் என்று கொடுத்தால் பிழையென மறுத்துவிடும். சுவர்க் கடிகாரத்தின் முட்களைக் கண்ணாடி மூடியிருப்பது போன்ற காவல் இது. முள்ளை விரலால் தள்ளலாகாது. அதற்குரிய திருகைத்தான் திருப்ப வேண்டும்.

உள்ளே நேரத்தை எப்படிச் சேமிப்பது? நள்ளிரவிலிருந்து கடந்த நிமிடங்களாக வைத்துக்கொள்வது ஓர் எளிய வழி. ஒரு நாளுக்கு 1440 நிமிடங்கள். இரவு 10.45 என்பது 1365. எட்டு மணிநேரமாகிய 480 ஐக் கூட்டினால் 1845. அதில் 1440 ஐக் கழித்தால் 405, அதாவது காலை 6.45. வெளியே இருப்பவர் 'மணி என்ன?' என்று மட்டுமே கேட்பார். உள்ளிருக்கும் கணக்கு அவருக்குத் தேவையில்லை.

இவ்வகுப்பின் எல்லையையும் சொல்லித்தர வேண்டும். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் இருட்டிலேயே பெரட்டுக்குச் சென்ற முதியவர்களைக் கேளுங்கள். விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் ரப்பர் மரத்தில் பால் நன்றாக ஓடும். 1982 சனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணிநேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டு, சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாயின. முதல் நாள்வரை 6.00 என்று அழைத்த அதே பொழுதை மறுநாள் 6.30 என்று அழைத்தனர். மரமும் கதிரவனும் மாறவில்லை. கடிகாரம் சொன்ன எண்தான் மாறியது. நாளையும் இடத்தையும் அறியாத நம் 'நேரம்' வகுப்புக்கு இந்த மாற்றம் தெரியாது. ஒரு வகுப்பு எதை அறியாது என்று சொல்லத் தெரிந்தவனே அதை உண்மையில் அறிந்தவன்.

"தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இது மிகை" என்று நண்பர் ஒருவர் கூறினார். நான் அவ்வாறு கருதவில்லை. கணினி இல்லாத வீட்டுப் பிள்ளையும் அட்டைக் கடிகாரம் ஒன்றை வைத்துக்கொண்டு இவ்விதிகள் அனைத்தையும் கண்டுபிடிக்க முடியும். பின்னாளில் கணினி கிடைக்கும்போது அவன் எழுதும் நிரல் பார்த்தெழுதியதாக இராது. 2008இல் வெளிவந்த பைத்தான் மூன்றாம் பதிப்பு முதல், வகுப்புக்கு 'நேரம்' என்று தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கவும் இயலும்.

பெற்றோர்களே, இன்றிரவு உங்கள் பிள்ளையிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இரவு 11.50க்கு இருபது நிமிடம் கழித்து மணி என்ன? எப்படிக் கண்டாய்?" விடையைவிட அந்த 'எப்படி' முக்கியம். அதை அவன் தமிழில் தெளிவாகச் சொல்லிவிட்டால், நிரலின் பாதியை எழுதிவிட்டான் என்று கொள்ளுங்கள்.

30.45 என்று எழுதிய மாணவனின் தாளில் நான் சிவப்புக் கோடு போடவில்லை. "இந்த மணியைக் கடிகாரத்தில் காட்டு" என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். சற்று நேரத்தில் அவனே சிரித்துக்கொண்டு திருத்தி வந்தான்.