வங்கிக்காரரும் ஒரு சின்னக் கட்சியும்

வேலை முடிந்து சமையலறையைக் கழுவிக்கொண்டிருந்தபோது, எங்களோடு வேலை செய்கிற தம்பி ஒருவன் தனக்கு வந்த வாக்குக் கவரை உடைக்காமலே குப்பை வாளிக்குள் போட்டான்.

"ஏன்ரா எறியிறாய்?" எண்டு கேட்டன்.

"விடுங்கோ அண்ணை. பாராளுமன்றத்தில இருக்கிறது முழுக்க வங்கிக்காரரும் வக்கீல்மாரும். எங்களுக்கு அதில என்ன கிடக்கு?"

அவனுக்குச் சிவப்புப் பாஸ்போட் கிடைத்துவிட்டது. எனக்கு இன்னும் அந்தக் கவர் வருவதில்லை. அதனால்தான் மனம் கேட்கவில்லை, இதை எழுதுகிறேன்.

அவன் சொன்ன மாதிரியான ஒரு வங்கிக்காரரையே எடுத்துக்கொள்வோம். பெயர் மார்ட்டின் லண்டோல்ட். ஊர் கிளாறுஸ். மலைகளுக்கு நடுவே, நாற்பதாயிரம் பேர் அளவில் வாழும் சின்ன மாநிலம். 200 பேர் கொண்ட தேசிய சபையில் அதற்கு ஒரேயொரு கதிரைதான். 2009 இல் நடந்த இடைத்தேர்தலில் அந்தக் கதிரை இவருக்குக் கிடைத்தது.

இவருடைய கட்சி பிறந்த கதை இன்னும் சுவாரசியமானது. 2007 டிசம்பர் 12 அன்று எஸ்.வி.பி. கட்சியின் பெருந்தலைவர் கிறிஸ்தோப் புளொக்கரை அமைச்சர் பதவியிலிருந்து பாராளுமன்றம் விழுத்தியது. அவருக்குப் பதிலாக அதே கட்சியின் எவெலின் விட்மர்-ஷ்லும்ப் என்ற பெண்ணைத் தெரிவு செய்தது. பதவியை ஏற்றதற்காகக் கட்சி அவரை வெளியே போகச் சொன்னது. அவருடைய மாநிலக் கிளை மறுத்தது. கடைசியில் முழுக் கிளையையும் சேர்த்து வெளியேற்றினார்கள். அப்படிப் பிரிந்தவர்கள் 2008 இல் தொடங்கியதுதான் பி.டி.பி. 2012 இலிருந்து அதன் தலைவர் லண்டோல்ட்.

யூ.என்.பி., சுதந்திரக் கட்சி என்று இரண்டு பெயரைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். மூன்றாவதாக ஒருவன் வந்தால் "வோட்டைப் பிரிக்க வந்திட்டான்" என்போம். இங்கே கணக்கு வேறு. 2011 தேர்தலில் பி.டி.பி.க்குக் கிடைத்தது 5.4 வீதமும் 9 ஆசனங்களும்தான். எஸ்.வி.பி.க்கு 26.6 வீதம். ஆனாலும் ஏழு பேர் கொண்ட அமைச்சரவையில் இரண்டு கட்சிக்கும் ஒவ்வொருவர்! மற்றக் கட்சிகள் சேர்ந்து விட்மர்-ஷ்லும்பைத் திரும்பவும் தெரிவு செய்தன. அவர்தான் நிதி அமைச்சர்.

இனித்தான் விசயத்துக்கு வாறன். லண்டோல்ட் பாராளுமன்றத்தில் இருந்துகொண்டே யூ.பி.எஸ். வங்கிக்கு அரசியல் ஆலோசகராகவும் வேலை செய்தவர். இங்கே அது சட்டத்துக்கு மாறானதல்ல. உறுப்பினர்கள் தங்கள் தொழிலைச் செய்துகொண்டே அரசியல் செய்வதுதான் சுவிஸ் வழக்கம். யாருக்காக வேலை செய்கிறார்கள் என்பதைப் பகிரங்கப் பதிவேட்டில் எழுத வேண்டும், அவ்வளவுதான். "இவர் மக்களுக்கா வங்கிக்கா?" என்ற கேள்வி அவர் பின்னாலேயே வந்தது. பிறகு சுகாதாரக் காப்புறுதி நிறுவனங்களின் சங்கத்துக்கும் தலைவரானார்.

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். இந்த வங்கிக்காரரின் கட்சி தாங்கிப் பிடித்த அமைச்சரின் காலத்தில்தான் வெளிநாட்டுப் பணக்காரருக்கான வங்கி இரகசியம் உடைந்தது. கணக்கு விபரங்களை அவரவர் நாட்டுக்குத் தானாகவே அனுப்பும் சட்டம் அவர் பதவியில் இருந்த 2015 இல் நிறைவேறி, 2017 இல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே வங்கிக்காரன் என்றவுடன் குப்பை வாளியைத் தேடக்கூடாது. எதற்குக் கை உயர்த்தினான் என்று பார்க்கவேண்டும்.

அந்தக் கட்சி நிலைக்கவில்லை என்பதும் உண்மைதான். 2015 இல் அமைச்சர் விலகினார். 2019 இல் மிஞ்சியது 3 ஆசனங்கள். பாராளுமன்றத்தில் தனிக் குழு அமைக்க 5 பேர் வேண்டும். 2021 தொடக்கத்தில் சி.வி.பி.யோடு இணைந்து "மித்தே" என்ற பெயரில் கரைந்துபோனார்கள். ஒரு ஆளை நம்பிக் கட்டின வீடு, ஆள் போகக் கூரையும் போச்சு. 2023 இல் லண்டோல்ட் திரும்பப் போட்டியிடவில்லை. கிளாறுஸ் கதிரை எஸ்.வி.பி.க்கே போனது. எங்கள் ஊரில் நேர்மாறாக நடந்தது: 2020 இல் 3 ஆசனம் எடுத்த தேசிய மக்கள் சக்தி 2024 இல் 159 எடுத்தது. சின்னக் கட்சி எப்பவும் சின்னதாகவே இருக்கும் என்று எந்தச் சாத்திரமும் இல்லை.

என்னுடைய கோபம் லண்டோல்டில் இல்லை. பாராளுமன்றம் வருடத்துக்கு நாலு தரம், ஒவ்வொரு தரமும் மூன்று கிழமை கூடுகிறது. அதற்கிடையில் குழுக் கூட்டங்கள் வேறு. வங்கி தன் ஆளை அனுப்பிவைக்கும். அவர் அங்கே போவது வங்கிக்கும் நல்லதுதான். கோப்பை கழுவுகிறவனை எந்த முதலாளி மூன்று கிழமை விடுவான்? சட்டப்படி கதவு எல்லாருக்கும் திறந்துதான் இருக்கிறது. உள்ளே போக நேரம் இருப்பவன்தான் போகிறான். தம்பி சொன்னதில் பாதி உண்மை இதுதான்.

ஆனால் அதற்கு மருந்து கவரை எறிவதல்ல. நாங்கள் போய் இருக்க முடியாத கதிரையில் யார் இருக்கவேண்டும் என்று சொல்ல எங்களிடம் இருப்பது அந்தக் கவர் ஒன்றுதான். அதையும் எறிந்தால், வங்கிக்கு இன்னும் வசதி.

தம்பி, அடுத்த கவர் வந்தால் எறியாதை. வேலைக்குக் கொண்டுவா. கடை பூட்டின பிறகு தேத்தண்ணியோட இருந்து இரண்டு பேரும் வாசிப்பம். எழுதுறது நீதான். எனக்கு இன்னும் அந்த உரிமை இல்லை.