ஊர்களை ஏலம் விடும் ஆட்டம்

அமெரிக்காவில் வசிக்கும் நண்பர் ஒருவருடன் அண்மையில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு கால்பந்துப் பக்கம் திரும்பியது. 1996ல் பத்து அணிகளுடன் தொடங்கிய மேஜர் லீக் சாக்கர் 2025ல் முப்பது அணிகளைக் கொண்டதாக வளர்ந்துவிட்டதை அவர் பெருமிதத்துடன் சொன்னார். எந்த நகரத்துக்கு அணி கொடுப்பது, எங்கே மைதானம் கட்டுவது என்பதையெல்லாம் சந்தை தீர்மானிக்கிறது, இதில் உணர்ச்சிவசப்பட என்ன இருக்கிறது என்று கேட்டார். அன்று நான் சொன்னதைவிடச் சொல்லாமல் விட்டதே அதிகம். அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் சந்தை என்ற சொல்லைப் பார்ப்போம். இந்த லீகில் சந்தை என்று எதுவும் கிடையாது. எல்லா அணிகளும் ஒரே நிறுவனத்தின் உறுப்புகள். உரிமையாளர்கள் எனப்படுவோர் அந்நிறுவனத்தின் பங்குதாரர்கள். புதிய நாற்காலி போடுவதா, யாருக்குப் போடுவது, அதற்கு என்ன விலை என்பதை ஏற்கெனவே அமர்ந்திருப்பவர்கள் கூடி முடிவு செய்கிறார்கள். கீழே உள்ள அணி வென்று மேலே வர வழியில்லை. மேலே உள்ள அணி தோற்றுக் கீழே இறங்கும் அச்சமும் இல்லை. கதவை உள்ளிருந்து தாழிட்டுக்கொண்டு சாவித்துவாரம் வழியே பணம் வாங்குவதற்குப் பெயர் சந்தையல்ல, சங்கம்.

இரண்டு ஊர்களை அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும். சின்சினாட்டி 2019ல் லீகில் நுழைந்தது. 2019, 2020, 2021 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து கடைசி இடம். உலகின் பெரும்பாலான நாடுகளில் அப்படி ஆடும் அணி முதலாண்டிலேயே கீழே போயிருக்கும். இங்கே ஒன்றும் நிகழவில்லை. மறுபக்கம் கலிஃபோர்னியாவின் தலைநகரான சாக்ரமெண்டோ. அதன் ரிபப்ளிக் அணி இரண்டாம் நிலை லீகில் ஆடுகிறது. 2019 அக்டோபரில் அந்த ஊருக்கு இடம் அறிவிக்கப்பட்டது, ஊரே கொண்டாடியது. 2021 பிப்ரவரியில் முதன்மை முதலீட்டாளர் விலகிக்கொண்டார். கதவு மூடப்பட்டது. அடுத்த ஆண்டே அதே அணி, அமெரிக்காவின் திறந்த கோப்பைப் போட்டியில் மேல்நிலை லீகின் மூன்று அணிகளை அடுத்தடுத்து வீழ்த்தி இறுதியாட்டம் வரை சென்றது. எந்தப் பயனும் இல்லை. ஆடுகளத்தில் அது எதை நிரூபித்தாலும் செல்லாது, ஏனென்றால் தேர்வு நடப்பது ஆடுகளத்தில் அல்ல.

நுழைவுக் கட்டணத்தின் வரலாற்றைப் பார்த்தால் தேர்வு எங்கே நடக்கிறது என்று தெரியும். 2007ல் சேர்ந்த டொரொண்டோ கொடுத்தது 10 மில்லியன் டாலர். சின்சினாட்டி 150 மில்லியன். 2019 இறுதியில் அறிவிக்கப்பட்ட ஷார்லட் 325 மில்லியன். 2023ல் அறிவிக்கப்பட்ட சான் டியாகோ 500 மில்லியன். மைதானமும் வீரர்களும் பயிற்சிக்கூடமும் தனிச் செலவு. இது பந்தியில் உட்கார இலைக்கு மட்டும் கொடுக்கும் விலை.

இதில் ஒரு வரலாற்று முரண் இருக்கிறது. இதற்கு முன்பு அமெரிக்காவில் வட அமெரிக்க சாக்கர் லீக் என்று ஒன்று இருந்தது. பெலேயும் பெக்கன்பவரும் ஆடிய லீக். 1978ல் அதில் 24 அணிகள். இடத்துக்குக் காசு கொடுக்க வந்தவர்களையெல்லாம் சேர்த்துக்கொண்டே போய், ஆட்களில்லாத பெரிய அரங்கங்களில் ஆடி, 1984க்குப் பிறகு அது மடிந்தே போனது. புதிய லீகின் நிர்வாகிகள் அந்தப் பாடத்தைப் படித்துத்தான் வந்தார்கள். 2001ஆம் ஆண்டுப் பருவத்துக்குப் பின் டாம்பா பே, மயாமி அணிகளை மூடவும் நேர்ந்தது. ஆகவே எச்சரிக்கையோடு இருந்தார்கள் என்பதை மறுக்க மாட்டேன். கால்பந்துக்கென்றே சிறிய அரங்கம் வேண்டும் என்ற அவர்களுடைய விதியும் அந்த எச்சரிக்கையிலிருந்து பிறந்ததே. 1999ல் ஓஹையோ மாநிலத்தின் கொலம்பஸில் லாமர் ஹண்ட் கட்டிய அரங்கம் அதற்கு முன்மாதிரி. ஆனால் நல்ல விதியும் கெட்ட கணக்கரின் கையில் என்ன ஆகும் என்பதற்கு அடுத்துவந்த ஆண்டுகளே சாட்சி.

அரங்கம் வேண்டும், நிலம் மலிவாக வேண்டும், உள்ளாட்சி பணம் போட வேண்டும். இம்மூன்றும் சேர்ந்து கிடைத்த இடமெல்லாம் நகரத்துக்கு வெளியே இருந்தன. சிகாகோவின் அணிக்காக பிரிட்ஜ்வியூ என்ற சிற்றூர் 2006ல் அரங்கம் கட்டியது. சுமார் பதினேழாயிரம் பேர் வாழும் ஊர், நூறு மில்லியன் டாலருக்கும் மேல் கடன்பத்திரம் வெளியிட்டது. ரயிலில் இறங்கி நடந்துபோக முடியாத அந்த இடத்துக்கு சிகாகோவாசிகள் வரவில்லை. 2019ல் அணி 65.5 மில்லியன் டாலர் கொடுத்து ஒப்பந்தத்திலிருந்து விடுவித்துக்கொண்டு, மறு ஆண்டே நகர மையத்திலுள்ள சோல்ஜர் ஃபீல்டுக்குத் திரும்பிவிட்டது. அணிக்குத் திரும்பிப்போக ஒரு நகரம் இருந்தது. பிரிட்ஜ்வியூவின் வீட்டுவரி கட்டுபவர் எங்கே போவார்?

ஃபிலடெல்ஃபியாவின் அணிக்கு அரங்கம் அமைந்தது செஸ்டரில். டெலவேர் நதிக்கரையில், பெரிய பாலத்தின் அடியில், 2010ல் திறக்கப்பட்டது. கப்பல் கட்டும் தொழில் போய் வறண்டுவிட்ட அவ்வூருக்கு இந்த அரங்கம் மறுவாழ்வு தரும் என்றார்கள். மாநிலமும் கவுண்டியும் பொதுப்பணம் போட்டன. கூடவே எழும் என்று வரைபடங்களில் காட்டப்பட்ட குடியிருப்புகளும் கடைகளும் சொன்னபடி எழவில்லை. 2022 நவம்பரில் செஸ்டர் நகரம் திவால் மனு தாக்கல் செய்தது. திவாலுக்கு அரங்கம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அதன் துன்பங்கள் மிகப் பழையவை. அரங்கம் அந்த ஊரைக் காப்பாற்றும் என்று சொன்னவர்கள்தான் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். ரோஜர் நோலும் ஆண்ட்ரூ ஸிம்பலிஸ்டும் தொகுத்த ஆய்வுநூல் 1997லேயே வந்துவிட்டது. பொதுப்பணத்தில் கட்டும் அரங்கம் போட்ட பணத்தை ஊருக்குத் திருப்பித் தருவதில்லை என்பதில் பொருளியலாளர்களிடையே இன்று பெரிய கருத்துவேறுபாடு இல்லை. தெரிந்தே சொல்லப்பட்ட வாக்குறுதியை என்ன பெயரிட்டு அழைப்பது?

பிறகு கணக்கு மாறியது. இளைஞர்கள் நகர நடுவில்தான் கூடுகிறார்கள் என்று கண்டுகொண்டார்கள். அரங்கங்கள் ஊருக்குள் வரத் தொடங்கின. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் நகர நடுவில் காலிமனை ஏது? சின்சினாட்டியில் வெஸ்ட் எண்ட் என்ற கறுப்பின மக்களின் பழைய குடியிருப்புப் பகுதியில் அரங்கம் எழுந்தது. அங்கிருந்த உயர்நிலைப் பள்ளியொன்றின் விளையாட்டரங்கம் இடிக்கப்பட்டு அருகில் வேறொன்று கட்டித்தரப்பட்டது. அறுபதாண்டுகளுக்கு முன் நெடுஞ்சாலைக்காக ஒருமுறை கூறுபோடப்பட்ட மக்களிடம், இம்முறை உங்களுக்கு நன்மையே என்று சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லும் துணிவு யாருக்கு இருந்தது என்று அறிய ஆசைப்படுகிறேன்.

செயின்ட் லூயிஸ் இவை எல்லாவற்றையும்விட முக்கியமான உதாரணம். 1950 உலகக் கோப்பையில், பெலோ ஹொரிஸோண்ட்டேயில் அமெரிக்கா இங்கிலாந்தை 1-0 என்று வென்றது. அன்று களமிறங்கிய பதினொருவரில் ஐவர் இந்த ஒரே ஊரைச் சேர்ந்தவர்கள். இத்தாலியக் குடியேறிகளின் ஹில் பகுதியிலும் தேவாலயத் திடல்களிலும் கால்பந்து வளர்ந்த ஊர். அமெரிக்கக் கால்பந்துக்கு ஒரு தாய்வீடு உண்டென்றால் அது இதுவே. இந்த ஊர் லீகில் இடம்பெற 2023 வரை, அதாவது இருபத்தேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. காரணம் ஆர்வக்குறைவு அல்ல. வேண்டிய அளவு பணமுள்ளவர் முன்வரவில்லை, அவ்வளவே.

அவ்வூரின் கதையில் இன்னொரு பாடமும் உண்டு. 2017 ஏப்ரலில் அரங்கத்துக்கு 60 மில்லியன் டாலர் பொதுப்பணம் தரலாமா என்று மக்களிடம் வாக்கெடுத்தார்கள். மக்கள் மறுத்தார்கள். வாய்ப்பு போயிற்று, ஊர் அழிந்தது என்று ஒப்பாரி எழுந்தது. இரண்டே ஆண்டுகளில் உள்ளூர்க் கோடீஸ்வரக் குடும்பம் ஒன்று பெரும்பகுதியைத் தன் பணத்தில் கட்ட முன்வந்து இடத்தைப் பெற்றது. வரிச்சலுகைகள் இருந்தன என்பது உண்மை. ஆனாலும் ‘முடியாது’ என்று சொன்ன ஊருக்குத்தான் மேலான பேரம் கிடைத்தது. அந்த அரங்கத்தின் அருகே இன்று மணற்கடிகைகளைப் போன்ற கல்தூண்கள் நிற்கின்றன. 1959ல் நகரச் சீரமைப்பு என்ற பெயரில் இடித்துத் தள்ளப்பட்ட மில் கிரீக் பள்ளத்தாக்கின் நினைவாக டேமன் டேவிஸ் அமைத்தவை. சுமார் இருபதாயிரம் பேர், பெரும்பாலோர் கறுப்பினத்தவர், அங்கிருந்து அகற்றப்பட்டார்கள். ஆட்டம் பார்க்கப் போகிறவர்கள் அந்தத் தூண்களைக் கடந்து போகிறார்கள். இடத்தைத் தேர்வு செய்வது என்றால் என்ன என்று லீகின் எந்த அறிக்கையையும்விட அந்தத் தூண்கள் தெளிவாகச் சொல்கின்றன.

சான் டியாகோவுக்கு வருகிறேன். அங்கே லாயல் என்ற இரண்டாம் நிலை அணி 2020 முதல் ஆடிவந்தது. 2020 செப்டம்பரில் தன் வீரர் ஒருவரை எதிரணியினர் தன்பால் விருப்பத்தின் பெயரால் இழிவுபடுத்தியபோது, முன்னிலையில் இருந்த ஆட்டத்தைப் பாதியில் விட்டு வெளியேறிய அணி அது. அறத்துக்காகப் புள்ளிகளை இழந்த அணி. 2023ல் ஐநூறு மில்லியன் டாலருடன் புதிய அணி அறிவிக்கப்பட்டது. அந்தப் பருவத்தோடு லாயல் கடையை மூடியது. இதற்குப் பெயர் விரிவாக்கமாம். இருந்த செடியைப் பிடுங்கி எறிந்த இடத்தில் பிளாஸ்டிக் தொட்டி வைப்பதை யாரும் தோட்டக்கலை என்று சொல்வதில்லை.

இருக்கும் அணியைத் தூக்கிக்கொண்டு போகவும் முயன்றார்கள். 2017 அக்டோபரில் கொலம்பஸ் அணியின் உரிமையாளர் அதை டெக்சஸின் ஆஸ்டினுக்கு மாற்றப்போவதாகத் தெரியவந்தது. லீகின் முதல் கால்பந்து அரங்கத்தைக் கொண்ட ஊர்! மக்கள் தெருவில் இறங்கினார்கள். கிளீவ்லாண்டின் அமெரிக்கக் கால்பந்து அணி பால்டிமோருக்குப் பறிபோன கசப்பில் 1996ல் ஓஹையோ ஒரு சட்டம் இயற்றியிருந்தது. பொதுப்பணம் பெற்ற அரங்கில் ஆடும் அணி வெளியேறுவதானால் ஆறு மாத அறிவிப்பு தரவேண்டும், உள்ளூர்க்காரர்களுக்கு வாங்கும் வாய்ப்பளிக்கவேண்டும். அச்சட்டத்தைக் காட்டி 2018ல் மாநில அரசும் நகரமும் வழக்கு தொடுத்தன. உள்ளூர் உரிமையாளர்கள் வந்தார்கள், அணி தங்கியது. 2020லும் 2023லும் அது கோப்பையை வென்றது. கைவிடத்தக்க ஊர் என்று கணக்கெழுதியவர்களுக்கு இதைவிட நல்ல பதில் வேண்டியதில்லை. ஆனால் கவனியுங்கள்: அணியைப் பெயர்க்க முயன்றவருக்கு எந்தத் தண்டனையும் இல்லை. ஆஸ்டினில் அவருக்குப் புது அணியே கொடுக்கப்பட்டது.

இங்கிலாந்திலும் இப்படி நடந்ததுண்டு. விம்பிள்டன் அணியை மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோக 2002ல் அனுமதித்தார்கள். ரசிகர்கள் அதே ஆண்டு தங்களுக்கென்று ஒரு அணியை அடிமட்டத்திலிருந்து தொடங்கினார்கள். படிப்படியாக வென்று 2011ல் தொழில்முறை லீகை எட்டினார்கள். 2020ல் தங்கள் பழைய தெருவில், பிளவ் லேனில், தங்கள் அரங்கத்துக்கே திரும்பினார்கள். கொலம்பஸ் மக்கள் தோற்றிருந்தால் அவர்களுக்கு அந்த ஏணி இருந்திருக்காது. ஏணி இல்லாத லீகில் ஊருக்கு இருக்கும் ஒரே பலம் வழக்கறிஞர்தான்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் எனக்குத் தெரியும். அணி கீழே இறங்கும் ஆபத்து இருந்தால் யார் அரங்கத்தில் நூறு மில்லியன் போடுவார்கள் என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் லீகின் மிகச்சிறந்த வெற்றிகள் எங்கிருந்து வந்தன? சியாட்டில், போர்ட்லண்ட். அந்த அணிகளின் பெயர்கள் 1974, 1975லிருந்து அந்த ஊர்களில் வாழ்பவை. லீக் செத்தபோதும் பெயர் சாகவில்லை. சிறிய லீகுகளில் ஆடிக்கொண்டிருந்தது. 2008ல் சியாட்டிலின் புதிய அணிக்குப் பெயர் வைக்க மூன்று பெயர்களைக் கொடுத்து வாக்களிக்கச் சொன்னார்கள். பழைய ‘சவுண்டர்ஸ்’ என்ற பெயர் அந்தப் பட்டியலிலேயே இல்லை. மக்கள் அதைக் கையால் எழுதிப்போட்டு வெல்லவைத்தார்கள். போர்ட்லண்ட் அணி ஆடுவதோ 1926ல் ஊர் நடுவே கட்டப்பட்ட பழைய அரங்கில். முதலீட்டுக்குப் பாதுகாப்பு தருவது மூடிய கதவு அல்ல, தலைமுறைகளின் நினைவு. அதை எந்த ஆலோசனை நிறுவனமும் வரைபடத்தில் குறிக்க முடியாது.

நமக்கு இதில் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2014ல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக் இதே அச்சில் வார்க்கப்பட்டது. டெல்லியின் அணி 2019ல் புவனேஸ்வரத்துக்குப் போனது. அதே ஆண்டு புனே அணி மறைந்து அதன் இடத்தில் ஹைதராபாத் வந்தது. ஹைதராபாத் 2025ல் டெல்லிக்குப் போனது. மூன்று நகரங்களின் ரசிகர்கள் ஏமாந்தார்கள். ஆயினும் பிரதி எடுத்த நாம் ஒன்றைச் செய்தோம்: 2023ல் பஞ்சாபும் 2024ல் முகமதன் ஸ்போர்ட்டிங்கும் ஐ-லீகை வென்று மேலே வந்தன. மூலப்பிரதியில் இல்லாத அந்தச் சிறு சாளரம் நம்மிடம் திறந்தது.

நான் கேட்பது புரட்சி அல்ல. மக்கள் வாக்களிக்காமல் ஒரு டாலர் பொதுப்பணமும் அரங்கத்துக்குப் போகக்கூடாது. ஊரில் ஏற்கெனவே ஆடும் அணிக்கே முதல் உரிமை வேண்டும். ஓஹையோவின் சட்டம் போன்ற ஒன்று ஒவ்வொரு மாநிலத்திலும் வேண்டும். என்றைக்காவது ஒருநாள், வென்றவன் மேலே வரும் வழி வேண்டும். இவற்றைச் செய்தால் லீக் அழிந்துவிடும் என்று நண்பர் சொல்வார். அப்படியானால் அதைத் தாங்கிநிற்பது கால்பந்து அல்ல என்றே பொருள். சாக்ரமெண்டோவில் கையொலி எழுப்பும் கூட்டத்துக்கு அது முன்பே தெரியும்.