அளந்தபின் திருத்துக

மோட்டார் வண்டியின் பெருமை பேசுவோர் பெரும்பாலும் அதன் எஞ்சினைப் பற்றியே பேசுவர். எத்தனை குதிரைத்திறன், எத்துணை வேகம் என வினவுவரேயன்றி, அத்திறன் எவ்வழியாகச் சக்கரங்களைச் சென்றடைகின்றது என வினவுவார் சிலரே. எஞ்சின் முன்னும் உந்து சக்கரங்கள் பின்னும் அமைந்த வண்டியில் அவ்விரண்டையும் இணைப்பது, அடியில் ஓடும் நீண்டதொரு தண்டு. இதனைப் புரொப்பெல்லர் ஷாப்ட் என்பர். இத்தண்டு நிற்கும் கோணங்களை அளந்தறியாது விரைவு வண்டிகளைத் திருத்தப் புகுதல் வீண் செலவு. சிற்சில வேளைகளில் உயிர்க்கும் இடர். இதுவே யாம் ஈண்டு வலியுறுத்தக் கருதியது.

கியர்பெட்டி வண்டியின் உடலோடு பிணைந்து நிற்கின்றது. பின்னச்சோ பாதையின் மேடுபள்ளங்களுக்கேற்ப ஏறியும் இறங்கியும் அசைகின்றது. ஆதலின் தண்டின் இருமுனையிலும் மடங்கிச் சுழலவல்ல மூட்டுக்கள் வேண்டியவாயின. சிலுவை வடிவான இரும்புத் துண்டொன்றால் இரு கவைகளைப் பிணைக்கும் இம்மூட்டினை 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கில அறிஞர் ராபர்ட் ஹூக் ஆராய்ந்து விளக்கினார். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்திற் பயின்ற கிளாரென்ஸ் ஸ்பைசர் என்பார், மோட்டார் வண்டிக்கேற்ற மூட்டுக்கு 1903-இல் காப்புரிமை பெற்றார்.

இம்மூட்டுக்கு இயல்பிலேயே ஒரு குறை உண்டு. அது மடங்கி நிற்குங்கால், செலுத்தும் தண்டு ஒரே சீராய்ச் சுழன்றாலும், செலுத்தப்படும் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்தும் இருமுறை தளர்ந்தும் சுழலும். நிமிஷத்துக்கு 3000 சுற்று எனக் கொள்வோம். மடக்கு 2 பாகையாயின், வேகம் 2998-க்கும் 3002-க்கும் இடையே ஊசலாடும். 6 பாகையாயின், 2984-க்கும் 3017-க்கும் இடையே ஊசலாடும். கோணம் மும்மடங்காகக் குறை ஏறத்தாழ ஒன்பது மடங்காதலைக் காண்க.

இக்குறையை நீக்குவது மறுமுனையிலுள்ள மூட்டேயாம். இருமுனைக் கவைகளும் ஒரே நேராக நின்று, இரு மடக்குகளும் சமமாயின், முன்மூட்டு விளைத்த ஏற்றத்தாழ்வைப் பின்மூட்டு ஈடுசெய்துவிடும். இதன்பொருட்டே கியர்பெட்டித் தண்டும், பின்னச்சில் உள்ள பினியன் எனும் சிறு பற்சக்கரத்தின் தண்டும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்றல் வேண்டும் என்பர். எனினும் இடைநின்ற தண்டு ஊசலாடிக்கொண்டே யிருத்தலின், மடக்குகள் சமமாயிருந்தால் மட்டும் போதாது. சிறியனவாகவும் இருத்தல் வேண்டும். விரைந்தோடும் வண்டிகளில் ஒவ்வொன்றும் 3 பாகைக்கு மேற்படாமலும், இரண்டிற்கும் உள்ள வேறுபாடு 1 பாகைக்கு உட்பட்டும் இருத்தல் நன்றென்பது தொழிலறிந்தோர் வழக்கு. மடக்கே இல்லாதிருத்தலும் தீது. அரைப் பாகையேனும் மடங்காவிடின், மூட்டினுள் இருக்கும் ஊசிபோன்ற உருளைகள் உருளாது ஓரிடத்திலேயே அழுந்திப் பள்ளம் விழச் செய்யும்.

அளக்கும் முறை எளிது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, அதன் பளு சக்கரங்களின் மீதே தங்குமாறு செய்து, கியர்பெட்டித் தண்டு, நீண்ட தண்டு, பினியன் தண்டு ஆகிய மூன்றின் சாய்வையும் கோணமானி கொண்டு குறித்துக்கொள்ளல் வேண்டும். உடலைத் தூக்கிப் பின்னச்சைத் தொங்கவிட்டு அளப்பின், வரும் எண்கள் ஓடும் வண்டியின் எண்கள் ஆகா. கியர்பெட்டித் தண்டு பின்னோக்கி 3 பாகையும், நீண்ட தண்டு 5 பாகையும் தாழ்ந்துள்ளன எனக் கொள்க. முன்மூட்டின் மடக்கு 2 பாகை. பினியன் தண்டும் பின்னோக்கி 3 பாகை தாழ்ந்திருப்பின் பின்மூட்டின் மடக்கும் 2 பாகையே.

இனி, 1964-இல் வெளிவந்த போர்டு மஸ்டாங் போன்ற வண்டிகளை நோக்குவோம். அவற்றின் பின்னச்சு பட்டை ஸ்பிரிங்குகளின்மீது அமர்ந்துள்ளது. வண்டி வேகமாகப் புறப்படுங்கால் ஸ்பிரிங்குகள் முறுக்குண்டு, பினியனின் மூக்கு மேலெழும். அங்ஙனம் எழுந்தபின் இணையாக நிற்கும்பொருட்டு, மூக்கை முன்னரே சிறிது தாழ்த்தி வைப்பது முறை. பட்டை ஸ்பிரிங்கு உடையவற்றில் தாழ்வு மிகுதியும், உறுதியான தாங்குகோல்கள் உடையவற்றில் குறைவும் வேண்டப்படும்.

பிழை புகுவது இங்கேதான். “மூக்கை 1 பாகை தாழ்த்துக” என ஒருவர் உரைக்க, மற்றொருவர் அவ்வாறே செய்கின்றார். எதனினின்று 1 பாகை? மேற்கூறிய வண்டியில் கியர்பெட்டித் தண்டின் இணைநிலையினின்று தாழ்த்தினால், பின்மூட்டின் மடக்கு 3 பாகை, தீங்கில்லை. தரைமட்டத்தினின்று தாழ்த்தினாலோ, பினியன் தண்டு பின்னோக்கி 1 பாகை உயர்ந்து நிற்க, மடக்கு 6 பாகையாகிவிடும். சொல் ஒன்றே, பயனோ முற்றிலும் வேறு. அயலான் வண்டியின் எண் நம் வண்டிக்கு அளவாகாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

“கைதேர்ந்த தொழிலாளிக்குக் கோணமானி எதற்கு? அதிர்வைக் கேட்டே அறிவானே” என்பாரும் உளர். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. தண்டின் எடை ஒருபுறம் மிகின் சுற்றுக்கு ஒருமுறை அதிரும். கோணம் பிழைபடின் சுற்றுக்கு இருமுறை அதிரும். நிமிஷத்துக்கு 3000 சுற்றில், முன்னது விநாடிக்கு 50, பின்னது 100. பழகிய செவி இவ்வேற்றுமையை உணர்தல் கூடும். ஆயினும் பிழை எம்முனையில், எத்தனை பாகை என்பதைச் செவி உரைக்குமோ? உரையாது. அனுபவம் ஐயத்தை எழுப்பும். அளவே அதனைத் தீர்க்கும். அளவாதார் முதலில் டயரை மாற்றுவர். பின்னர்த் தண்டின் எடையைச் சமன்செய்விப்பர். அதன்பின் மூட்டையே மாற்றுவர். பணம் செல்லும்; அதிர்வு நிற்கும்.

அளந்தபின் திருத்தல் கடினமன்று. பட்டை ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் இடையே பாகை குறித்த ஆப்பு வைக்கலாம். நான்கு தாங்குகோல் உடையவற்றில் மேற்கோல்களை நீட்டின் மூக்கு உயரும், குறுக்கின் தாழும். கியர்பெட்டித் தாங்கியின் கீழ்த் தகடு வைத்து அதனைச் சற்று உயர்த்தலும் உண்டு. ஒன்றை மாற்றினால் நீண்ட தண்டின் சாய்வும் சிறிது மாறுமாதலின், ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் மூன்றையும் மீள அளத்தல் இன்றியமையாதது.

இஃது அற்பக் காரியம் என எண்ணற்க. முன்மூட்டு ஓடுங்கால் முறியின், தண்டின் முனை வீழ்ந்து பாதையில் ஊன்றும், வண்டி நிலைகுலையும். பந்தய வண்டிகளில் தண்டினைச் சூழ இரும்பு வளையம் இடுவது இவ்வச்சத்தாலன்றோ? வளையம் முறிந்த தண்டைத் தாங்கும், முறியாமற் காக்காது.

மாணவ நண்பர்காள், கோசைன் எனும் கணக்கைத் தேர்வுக்காக மட்டும் பயிலற்க. அக்கணக்கே ஒரு வண்டியின் அடியிற் கிடந்து, நிமிஷத்துக்கு மூவாயிரம் முறை விடை சொல்லிக்கொண்டிருக்கின்றது. வினவும் கருவி கையிலிருக்க, வினவாது கைவைத்தல் கற்றோர்க்கு அழகன்று.