நேர்காணல் வேண்டாம், மைதானமும் மேடையும் போதும்

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் பாளையங்கோட்டைக் கல்லூரி அலுவலகங்களுக்கு இரண்டு வகைப் பெற்றோர் வருகிறார்கள். மதிப்பெண் பட்டியலை மட்டும் கையில் வைத்திருப்பவர்கள் ஒரு வகை. அந்தப் பட்டியலைக் கொஞ்சம் மறைத்துக்கொண்டு, சான்றிதழ்கள் நிறைந்த கனத்த ஃபைலை முன்னால் நீட்டுபவர்கள் இன்னொரு வகை. மாநிலக் கபடி, மண்டல அளவில் ஓட்டம், கலைத் திருவிழாவில் பரிசு, என்.சி.சி. முகாம் என்று ஃபைலில் எல்லாம் இருக்கும். 600க்கு வாங்கிய மதிப்பெண் மட்டும் 350ஐத் தாண்டியிருக்காது. தமிழ்நாட்டில் கல்லூரி இடத்துக்கே பஞ்சம் என்று சொல்ல முடியாது. பொறியியலில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான இடங்கள் காலியாகவே கிடக்கின்றன. போட்டியெல்லாம் சில வாசல்களில்தான். 1923இல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரி, அதைவிட மூத்த தூய யோவான் கல்லூரி, சாராள் தக்கர் கல்லூரி, ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரி, அரசு பொறியியல் கல்லூரி, அரசு மருத்துவக் கல்லூரி ஆகியவற்றின் வாசல்களில் அந்த ஃபைலுக்கு என்ன மதிப்பு என்பதே கேள்வி. மதிப்பு தர வேண்டும் என்பதே நம் நிலை. ஆனால் ஃபைலைப் புரட்டிப் பார்த்தும், பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசிப் பார்த்தும் அந்த மதிப்பைப் போடக் கூடாது.

இப்படிச் சொல்லக் காரணம் தமிழ்நாட்டின் சொந்த அனுபவம். நுழைவுத்தேர்வும் நீட்டும் வருவதற்கு முன்பு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் நேர்காணல் இருந்தது. புகுமுக வகுப்பின் பாடங்களுக்கு 200, நேர்காணலுக்கு 75, ஆக மொத்தம் 275 மதிப்பெண். அந்த 75ஐ எதற்கெல்லாம் போட வேண்டும் என்று அரசு ஐந்து தலைப்புகளை வகுத்துக் கொடுத்திருந்தது: விளையாட்டு அல்லது என்.சி.சி., பாடம் சாராத சிறப்புப் பணிகள், உடல் வலிமை, பொதுத் திறன், நாட்டம். இன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பாணி என்று சிலர் வியந்து பேசும் முறையை நம் அரசு அரை நூற்றாண்டுக்கு முன்பே நடத்திப் பார்த்துவிட்டது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். என்ன நடந்தது? தேர்வுக் குழுக்கள் தலைப்புவாரியாக மதிப்பெண்ணைப் பிரித்துப் போடவில்லை. மொத்தமாக ஓர் எண்ணை எழுதிவிட்டுப் போயின. பெரியகருப்பன் எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில் 1970இல் உச்ச நீதிமன்றம் இதைச் சட்டவிரோதம் என்றது. நேர்காணலுக்கு இவ்வளவு மதிப்பெண் ஒதுக்கும் அதிகாரம் அரசுக்கு இல்லை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அளவு அதிகம்தான், அரசு மறுபடி யோசிக்கலாம் என்று மட்டும் சொன்னது. ஐந்து தலைப்பும் நல்ல தலைப்புகளே. தவறு நடந்தது அறைக்குள்ளே, கணக்குக் காட்டாமல் போடப்பட்ட எண்ணில். பத்தாண்டு கழித்து ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரி தொடர்பான அஜய் ஹாசியா வழக்கில், இரண்டு மூன்று நிமிடம் பேசிவிட்டு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணைத் தூக்கிக் கொடுக்கும் பழக்கத்தை உச்ச நீதிமன்றம் கண்டித்தது. நேர்காணலுக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் போனால் அது தன்னிச்சையானது என்று வரம்பும் கட்டியது. நேர்காணல் என்ற சொல்லைக் கேட்டாலே நம் பெற்றோர் சிபாரிசுக் கடிதத்தைத் தேடுவதற்கு இப்படி ஒரு வரலாறு இருக்கிறது. கிராமத்துப் பிள்ளை மதிப்பெண்ணை நம்பியதும் அதனால்தான். பட்டியலில் இருக்கும் எண்ணை எந்தப் பெரிய மனிதரும் ஃபோன் போட்டு மாற்ற முடியாது.

வெளிநாட்டுச் சான்றும் இதையேதான் சொல்கிறது. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்கள் 1920களில் ‘குணநலன்’ பார்த்துச் சேர்க்கத் தொடங்கியதன் பின்னணியில், தேர்வில் நன்றாக மதிப்பெண் வாங்கிய யூத மாணவர்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் நோக்கம் இருந்தது. 2023இல் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃபிரீட்மன் ஆகிய பொருளியலாளர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே தேர்வு மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளில், நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைவிட மேல்தட்டு ஒரு விழுக்காட்டுக் குடும்பத்துப் பிள்ளைக்கு அங்குள்ள முதல்வரிசைக் கல்லூரிகளில் சேரும் வாய்ப்பு இரு மடங்குக்கும் அதிகம். முன்னாள் மாணவர் பிள்ளை என்ற சலுகையோடு, பாடம் சாராத தகுதிகளும் விளையாட்டுச் சேர்க்கையும் அதற்குக் காரணங்களாக நின்றன. 2019இல் அமெரிக்காவில் வெடித்த கல்லூரிச் சேர்க்கை ஊழலிலோ, படகு வலிக்கத் தெரியாத பிள்ளைகளைப் படகோட்ட வீரர்கள் என்று காட்டிச் சேர்த்திருந்தார்கள். இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. செங்கோட்டையைத் தாண்டினால் போதும். கேரளத்தில் பள்ளிக் கலோற்சவத்துக்கும் விளையாட்டுக்கும் பொதுத்தேர்வில் கருணை மதிப்பெண் உண்டு. அதன் விளைவாகக் கலோற்சவத்தில் ஆடை அலங்காரச் செலவு ஏறிக்கொண்டே போனது. நடுவர் முடிவை எதிர்த்து மேல்முறையீடுகளும் நீதிமன்ற உத்தரவுகளும் குவிந்தன. கலையைத் தேர்வு மதிப்பெண்ணோடு கூட்டினால் கடைசியில் இரண்டுமே கெடுகின்றன.

அப்படியானால் மதிப்பெண் மட்டுமே போதும் என்று விட்டுவிடலாமா? முடியாது. 2017இல் தமிழக அரசு பொதுத்தேர்வில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தியது. 2025இல் மாநிலக் கல்விக் கொள்கை பிளஸ் ஒன் பொதுத்தேர்வையே எடுத்துவிட்டது. ஒரு தேர்வு பிள்ளையின் முழுத் திறனையும் அளந்துவிடாது என்று அரசே ஒப்புக்கொண்ட நடவடிக்கைகள் இவை. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளுக்கும் அரசுப் பள்ளிக் கலைத் திருவிழாவுக்கும் ஆண்டுதோறும் பணமும் உழைப்பும் செலவாகின்றன; மேடையில் கலையரசன், கலையரசி பட்டம் கொடுத்துக் கைதட்டுகிறோம். அடுத்த சில மாதங்களில் அதே பிள்ளை கட்-ஆஃப் பட்டியலில் தன் பெயரைக் கீழிருந்து மேலாகத் தேட வேண்டியிருக்கிறது. அரசு ஒரு கையால் வளர்த்த திறனை இன்னொரு கை கண்டுகொள்வதில்லை.

முழுக்கக் கண்டுகொள்வதில்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் உண்டு, எம்.பி.பி.எஸ்.ஸில் 7 இடங்கள் உண்டு. குறைந்தபட்சத் தகுதி இருந்தால் போதும். அதன்பின் எந்தப் போட்டி, எந்த நிலை, எந்தப் பதக்கம் என்று பார்த்துப் புள்ளி போட்டுத் தரவரிசை வெளியாகிறது. நம் வாதத்தின் உயிர்நாடி இந்த முறைதான். விளையாட்டை மதிப்பெண்ணோடு கூட்டாமல் தனிப் பட்டியல் போடுகிறார்கள். புள்ளிக் கணக்கு முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும். அதிகாரியின் மனப்பாங்குக்கு அங்கே வேலை குறைவு. ஆனால் இந்தக் கலந்தாய்வில் கலைக்கு இப்படி ஒரு பிரிவு கிடையாது. சென்னை ஐ.ஐ.டி. 2024–25இல் விளையாட்டுத் திறனுக்கும், 2025–26இல் நுண்கலைக்கும் அறிவியல் ஒலிம்பியாடுக்கும் தனிச் சேர்க்கையைத் தொடங்கி, ஒவ்வொரு படிப்பிலும் கூடுதலாக இரண்டிரண்டு இடங்களை உருவாக்கியிருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகம் பாடம் சாராத திறன் பிரிவில் நுழைவுத்தேர்வுக்கு 25 பங்கும், நேரடித் திறன் சோதனைக்கும் சான்றிதழ்களுக்குமாக 75 பங்கும் வைக்கிறது. ஐ.ஐ.டி. செய்ததை மாநிலப் பல்கலைக்கழகங்கள் செய்ய என்ன தடை? ஐ.ஐ.டி.யின் வாசலிலும் ஒரு பூட்டு உண்டு என்பதை மறக்க வேண்டாம்: விளையாட்டு, நுண்கலைப் பிரிவுகளில் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு பட்டியலில் பெயர் இருந்தால்தான் உள்ளே போகலாம். மணிமுத்தாற்றங்கரைப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு அந்தப் பூட்டே போதும், திரும்பி வர.

தாமிரபரணிக் கரையில் என்ன திறன் இருக்கிறது என்று பட்டியல் போடவே தேவையில்லை. ஸ்ரீவைகுண்டம் பக்கத்து மணத்தியிலிருந்து போன கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற அணியில் ஆடினார். மறு ஆண்டு அர்ஜுனா விருது பெற்றார். கோவில்பட்டி ஹாக்கி விடுதியில் பயின்ற மாரீஸ்வரனும் கார்த்தியும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார்கள். சத்திரப்புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகத்துக்கு வில்லுப்பாட்டுக்காக 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்றும் கொடை விழாக் காலத்தில் இந்த ஆற்றங்கரை முழுக்க வில்லும் நையாண்டி மேளமும் கணியான் கூத்தும் கேட்கின்றன; பிளஸ் டூ படிக்கும் வயதில் மேளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பாவோடு போகிற பிள்ளைகள் உண்டு. அந்தப் பிள்ளையின் கையில் எந்தச் சங்கத்தின் சான்றிதழும் இருக்காது. சான்றிதழ் என்பது பெரும்பாலும் போட்டிக்குப் போக ரயில் டிக்கெட்டும், கூட்டிப்போக பி.டி. மாஸ்டரும், வாரக் கட்டணம் கட்டிப் பயிற்சி மையமும் இருந்தவர்களிடமே சேர்கிறது. முக்கூடல், ஆலங்குளம் பக்கம் அம்மாவோடு பீடி சுற்றும் பெண்பிள்ளையின் மாலை நேரம் எந்த ஃபைலிலும் ஏறாது. ஆகவே ஃபைலின் கனத்தைப் பார்த்து இடம் கொடுத்தால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இரண்டாவது வாய்ப்பு கொடுப்பதாகவே முடியும். மைதானத்தில் ஓடிக் காட்டு, மேடையில் வாசித்துக் காட்டு என்று கேட்டால் நிலைமை மாறும். நேரடித் திறன் சோதனையை நாம் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றில் கனமானது ஒன்று: ராத்திரி பகலாகப் படித்து 550 வாங்கிய பிள்ளையின் இடத்தை 350 வாங்கிய பிள்ளைக்குக் கொடுப்பது என்ன நியாயம்? கொடுக்க வேண்டாம் என்பதே பதில். ஐ.ஐ.டி. போலக் கூடுதல் இடங்களாக உருவாக்கினால் யாருடைய இடமும் பறிபோகாது. ஒரு வகுப்பில் இரண்டு நாற்காலி கூடுவதால் எந்தக் கல்லூரியும் நொடிந்துவிடாது. சமூகநீதி வழியாக எழும் கேள்வி இதைவிடக் கூர்மையானது. திறன் என்ற பெயரில் வரும் எந்தப் புது வாசலும் 69 விழுக்காட்டு இடஒதுக்கீட்டைச் சுற்றிக்கொண்டு போகும் பின்வாசல் ஆகிவிடாதா? அந்த அச்சத்துக்கு முழு நியாயம் உண்டு. அதனால்தான் இந்தக் கூடுதல் இடங்களும் சுழற்சி முறையில் இடஒதுக்கீட்டுக்கு உட்பட வேண்டும் என்கிறோம். அவற்றில் ஒரு பங்கு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று தனியாகக் கட்டப்பட வேண்டும். பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு காட்டிய வழி கண்ணெதிரே இருக்கிறது.

சேர்ந்த பிறகு படிக்க முடியாமல் அரியர் வைப்பார்கள் என்பது பேராசிரியர்களின் வாதம். பொய்யில்லை, நடப்பதுதான். ஆனால் அதில் கல்லூரிகளின் பங்கையும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகப் போட்டிக் கோப்பை வேண்டும் என்று விளையாட்டுப் பிள்ளையை விடுதியில் தங்கவைக்கிறார்கள். செமஸ்டர் தேர்வும் போட்டியும் ஒரே வாரத்தில் வந்தால் கோப்பைக்கு அனுப்புகிறார்கள். மூன்றாம் ஆண்டு முடிவில் அவன் அரியரோடு ஊர் திரும்பும்போது, ஸ்போர்ட்ஸ் கோட்டாப் பயல்கள் இப்படித்தான் என்று கைகழுவுகிறார்கள். சேர்க்கும் கல்லூரியே மாலை நேரப் பாட வகுப்பும், போட்டிக்குப் போய்த் தவறவிட்ட தேர்வுக்கு மறுதேர்வும் கொடுத்தாக வேண்டும். அதைக் கொடுக்காத கல்லூரிக்கு இந்த இடங்களையும் கொடுக்கக் கூடாது.

இனி, தேர்வு செய்பவர் யார் என்ற கேள்வி. நெல்லைச் சீமையில் இதைப் பூசி மெழுகிப் பேச முடியாது. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் மாணவர் ஒருவர் சாதி வெறியில் சக மாணவர்களாலேயே வெட்டப்பட்ட பிறகுதான், கல்விக்கூடங்களில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல நீதிபதி சந்துரு குழு அமைந்தது. மறு ஆண்டு அறிக்கையும் தந்தது. அணித் தேர்வில் சாதி பார்க்கிறார்கள் என்ற புகார் இங்கே புதிதில்லை. எனவே திறன் சோதனையின் நடுவர்கள் வேறு மாவட்டங்களிலிருந்து வர வேண்டும். சோதனை முழுவதும் காணொளியாகப் பதிவாக வேண்டும். புள்ளிகள் தலைப்புவாரியாக, அதாவது 1970இல் எது இல்லை என்று நீதிமன்றம் குறைகூறியதோ அதன்படியே, அன்று மாலையே அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். ‘ஆளுமை’, ‘தலைமைப் பண்பு’ என்ற தலைப்புகளுக்கு ஒரு புள்ளியும் வேண்டாம். அளக்க முடியாத அந்தச் சொற்களுக்குள்தான் சாதியும் பணமும் எளிதாக ஒளிந்துகொள்ளும்.

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அடுத்த கல்வியாண்டுக்கு முன்பே ஒரு விதியை இயற்றலாம். தன் உறுப்புக் கல்லூரிகளிலும், இணைந்த அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளிலும் ஒவ்வொரு இளநிலைப் படிப்புக்கும் இரண்டு கூடுதல் இடம்: ஒன்று விளையாட்டுக்கு, ஒன்று கலைக்கு. கலை என்றால் பரதமும் கர்நாடக இசையும் மட்டும் என்று சுருக்காமல் வில்லுப்பாட்டும் பறையும் ஒயிலாட்டமும் கணியான் கூத்தும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட வேண்டும். சோதனையைப் பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கிலும் மாவட்ட அரசு இசைப்பள்ளியிலும் நடத்தலாம். புதிதாக ஒரு செங்கல்லும் வைக்க வேண்டியதில்லை. விளையாட்டு, கலைப் பிரிவில் ஏற்கெனவே பிள்ளைகளைச் சேர்த்துவரும் தன்னாட்சிக் கல்லூரிகள், யாரை எந்தப் புள்ளியில் சேர்த்தோம் என்ற பட்டியலை இந்த ஜூன் மாதமே வெளியிட்டுத் தொடங்கட்டும். அதற்கு அரசாணையும் தேவையில்லை, நிதியும் தேவையில்லை.