மூத்தவளே ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் ரிமோட்டுக்காகச் சண்டை வந்தால், தீர்ப்பு பெரும்பாலும் தயாராகவே இருக்கிறது: “நீதானே பெரியவ, தம்பிக்குக் கொடு.” சத்தம் உடனே அடங்கிவிடும். அழுதால் கிடைக்கும் என்று சின்னவன் தெரிந்துகொள்கிறான். நியாயம் கேட்டுப் பயனில்லை என்று பெரியவள் தெரிந்துகொள்கிறாள். அடுத்த முறை அவள் கேட்கமாட்டாள். யாரும் பார்க்காதபோது கிள்ளுவாள்.

அடங்காத பிள்ளைகளின் குடும்பங்களை அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஆண்டுக்கணக்கில் கவனித்த உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன், 1982-இல் வெளியிட்ட நூலில் இந்தச் சுழலை விவரித்தார். பிள்ளை கத்துகிறது, பெற்றோர் இறங்கி வருகிறார்கள், கத்தல் நிற்கிறது. பிள்ளைக்குக் கேட்டது கிடைத்தது. பெற்றோருக்கு நிம்மதி கிடைத்தது. இருவருக்கும் பலன் இருப்பதால் இருவருமே அதைத் திரும்பச் செய்கிறார்கள். நாம் ‘பிடிவாதம்’ என்று பிள்ளையின் தலையில் மட்டும் கட்டுவதில் நம் பங்கும் சரிபாதி.

பொறாமையையும் பல நேரம் பெரியவர்கள்தான் ஊட்டுகிறோம். தம்பி பிறந்த வீட்டுக்கு வருபவர்கள், “இனி உனக்கு மவுசு போச்சு”, “உன்னைத் தவிட்டுக்குத்தானே வாங்கினோம்” என்று மூத்ததைச் சீண்டுகிறார்கள். மூன்று வயதுக்கு அது கேலி என்று புரியாது. பெற்றோர் அந்த இடத்திலேயே தடுக்க வேண்டும், சொன்னவர் மாமியாராகவே இருந்தாலும். ஆய்வாளர்கள் ஜூடி டன், கரோல் கென்ட்ரிக் இருவரும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 40 குடும்பங்களைப் பின்தொடர்ந்து கண்டது இந்தச் சீண்டலுக்கு நேரெதிரான வழி. “பாப்பா ஏன் அழுகிறாள், பசிக்கிறதோ?” என்று கைக்குழந்தையை ஓர் ஆளாக மதித்து மூத்த பிள்ளையோடு தாய் பேசிய வீடுகளில், பின்னாளில் உடன்பிறப்புகளிடையே நட்பு கூடுதலாக இருந்தது.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டின் மொத்தக் கருவள விகிதம் 1.8; அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு பிள்ளைகள்கூட இல்லை. சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளோடு வளர்ந்த காலத்தில் ஒப்பீடு பலர்மேல் சிதறியது. இன்று “அவனைப் பார்த்துக் கத்துக்கோ” என்றால், அந்த ‘அவன்’ ஒரே ஒருவன்தான். மூத்தது பெண்ணாக இருந்துவிட்டால் கதை ரிமோட்டோடு நிற்பதில்லை. மீன் துண்டு, செல்போன், கல்லூரிப் படிப்பு என்று அவள் விட்டுக்கொடுக்கும் பட்டியல் நீள்கிறது. இதைப் பொறுப்பு என்று நாம் புகழ்வது எனக்குக் கோபமூட்டுகிறது.

சண்டையில் அடி விழுந்தால் உடனே விசாரணை வேண்டாம். முதலில் இருவரையும் பிரித்துவிட வேண்டும். அழுகை அடங்கியபின் இருவரும் தங்கள் தரப்பைச் சொல்லட்டும், குறுக்கே பேசாமல். ரிமோட்டை எடுத்து வைத்துவிட்டு, “ரெண்டு பேரும் ஒரு முடிவு சொல்லுங்க, அப்புறம் டிவி” என்றால் போதும். முதல் சில நாட்கள் கூச்சல் கூடும்; அப்போது இறங்கிவிடக் கூடாது. ஆனால் எப்போதும் ஒரே பிள்ளை அடிக்கிறது, மற்றது அஞ்சி ஒதுங்குகிறது என்றால் அதைப் பிள்ளைச் சண்டை என்று விட்டுவிடலாகாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு இரண்டு பிள்ளைகளையும் அழைத்துச் செல்ல வேண்டும், அப்பாவும் கூடவே போக வேண்டும்.