ஆய்வாளரின் விடுப்பு கைடின் மனசைப் பொறுத்ததா?

அரசு ஊழியர்கள் மகப்பேறு விடுப்பில் இருக்கும் காலமும் இனி தகுதிகாண் பருவத்தில் சேரும் என்று முதல்வர் ஸ்டாலின் 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் அறிவித்தார். அடுத்த மாதமே, தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில், மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையைச் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டையும் மனமார வரவேற்கிறேன். ஆனால், இதே அரசின் பொறுப்பில் 2013 முதல் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு உழைக்கும் ஆய்வாளரை இரண்டுமே எட்டவில்லை. காரணம், அவர் ஊழியர் இல்லையாம், மாணவராம்.

மாணவர் என்றால் அவர்மீது வேலையைச் சுமத்தலாமா? பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 நவம்பர் ஒழுங்குமுறை, ஆய்வாளருக்கு வாரம் 4 முதல் 6 மணி நேரம் கற்பித்தல் அல்லது ஆய்வு உதவிப் பணி தரலாம் என்கிறது. வகுப்பெடுப்பது, ஆய்வகம் நடத்துவது, விடைத்தாள் திருத்துவது எல்லாம் இதில் அடக்கம். வேலைக்கு மணிக்கணக்கு எழுதத் தெரிந்தவர்கள், விடுப்பென்று வந்தபோது படிப்புக் காலம் முழுவதற்கும் சேர்த்துப் பெண்களுக்கு 240 நாள் மகப்பேறு விடுப்பு என்று மட்டும் எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிட்டார்கள். டைபாய்டு வந்தால்? அப்பா இறந்துபோனால் பதினாறாம் நாள் காரியம் வரை ஊரில் இருக்க? ஒழுங்குமுறையில் ஒரு வரிகூட இல்லை. 'கைடிடம் சொல்லிவிட்டுப் போங்கள்' என்பதுதான் நடைமுறை.

ஒரே ஆய்வகத்தின் ஒரே மேசையைப் பாருங்கள். யுஜிசி ஃபெல்லோஷிப் பெறுபவருக்கு ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு உண்டு. கோடை விடுமுறை கிடையாது. பக்கத்தில், அறிவியல் தொழில்நுட்பத் துறை விதிப்படி திட்டப்பணியில் இருக்கும் இளநிலை ஆய்வாளருக்கு (ஜேஆர்எஃப்) தற்செயல் விடுப்பும் மகப்பேறு விடுப்பும் மட்டும். மூன்றாமவர் எந்த உதவித்தொகையும் இல்லாமல், வீட்டுக் காசில் படிப்பவர். அவருக்கு அந்த 30 நாளும் இல்லை, தற்செயல் விடுப்பும் இல்லை. பணம் இல்லாதவருக்கு ஓய்வும் இல்லை என்பதைத்தான் இந்த ஏற்பாடு சொல்கிறது.

பல்கலைக்கழகம் இருக்கும் அதே அண்ணாமலைநகரில் உள்ள கடலூர் அரசு மருத்துவக் கல்லூரியில் முதுநிலை படிக்கும் டாக்டரும் மாணவர்தான். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிகள் அவருக்கு ஆண்டுக்கு 20 நாள் தற்செயல் விடுப்பு, 5 நாள் கல்வி விடுப்பு, வார ஓய்வு என்று எழுதியே கொடுத்திருக்கின்றன. வார்டில் அது முழுதாகக் கிடைக்கிறதா என்பது தனிச் சண்டை. சண்டை போடக் கையில் ஒரு தாளாவது இருக்கிறது.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்து ஆய்வாளருக்கு அந்தத் தாளும் இல்லை. வெள்ளாற்று முகத்துவாரத்தில் மாதிரி எடுக்க, கடல் ஏறும் நேரமும் வற்றும் நேரமும் பார்த்துத்தான் இறங்க வேண்டும். அது ஞாயிறு என்று பார்ப்பதில்லை. ஆருத்ரா தரிசனத்துக்கு ஆட்சியர் உள்ளூர் விடுமுறை விட்டால் அலுவலகம் பூட்டப்படும். தொட்டியிலிருக்கும் மீன்குஞ்சுக்கு அன்றும் யாராவது தீனி போட்டாக வேண்டும். அந்த யாராவது, பெரும்பாலும் ஆய்வாளர்தான். அந்த நாளுக்கு ஈடாக இன்னொரு நாளை அவர் யாரிடம் போய்க் கேட்பது?

சுவீடனைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இதை எழுத முடியாது. அங்கே முனைவர் பட்ட ஆய்வாளர் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் ஊழியர். சம்பளம் உண்டு. ஆண்டுக்குக் குறைந்தது 25 நாள் ஊதியத்துடன் விடுமுறை, சட்டப்படி. துறைப் பணி அவருடைய நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. குழந்தை பிறந்தால் தாய் தந்தை இருவருக்குமாக 480 நாள் பெற்றோர் விடுப்புப் படி. நாம் தருவதைப்போல் இரு மடங்கு, அதுவும் ஒவ்வொரு குழந்தைக்கும். நோயாலோ குழந்தையாலோ போன காலத்தை ஆய்வுப் பணியின் முடிவில் நீட்டித்துக் கொடுக்க விதியே இடம் தருகிறது. அங்கே ஆராய்ச்சி படுத்துவிட்டதா? அந்தச் சிறிய நாட்டின் பல்கலைக்கழகங்களைத்தான் நம் துணைவேந்தர்கள் மேடைதோறும் உதாரணம் காட்டுகிறார்கள்.

'சுவீடன் பணக்கார நாடு' என்பார்கள். ஒரு சுற்றறிக்கை அச்சடிக்க எவ்வளவு செலவாகும்? 'கைடுகள் நல்லவர்கள், கேட்டால் விடுவார்கள்' என்பார்கள். நல்லவர்கள் பலர் உண்டு. அவர்களுக்கு விதியால் நஷ்டமில்லை. 'விடுப்பு கொடுத்தால் ஆய்வு தாமதமாகும்' என்பது வெறும் சாக்கு. காய்ச்சலோடு ஆய்வகத்துக்கு வருபவர் எடுக்கும் அளவீட்டை எந்த ஆய்விதழில் போடப் போகிறீர்கள்? ஆய்வேடுகள் ஆண்டுக்கணக்கில் இழுப்பதற்கும், திருமணமான பெண்கள் பாதியில் பதிவை விட்டுப் போவதற்கும் எழுதப்படாத இந்த விடுப்புதான் முதல் காரணம் என்றே நான் சொல்வேன்.

2021 முதல் இணைவுப் பல்கலைக்கழகமாகவும் ஆகிவிட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போடும் உத்தரவு கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சிக் கல்லூரி ஆய்வாளர்களுக்கும் போய்ச் சேரும். டெல்லிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. அந்த உத்தரவில் வேண்டியது இவ்வளவுதான்: அரசு ஊழியருக்கு இருப்பதுபோல் 12 நாள் தற்செயல் விடுப்பு, சான்றிதழோடு மருத்துவ விடுப்பு, இரண்டு பிரசவத்துக்கும் மகப்பேறு விடுப்பு, விடுமுறையில் வேலை செய்த நாளுக்கு ஈடுசெய் விடுப்பு. உதவித்தொகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோருக்கும் ஒரே விதி. சிண்டிகேட் அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாகப் போடட்டும். அதுவரை எந்த ஆய்வாளர் கையிலும் விடைத்தாள் கட்டைக் கொடுக்கக் கூடாது.