தண்ணி ஊத்தறது வைத்தியம் இல்ல: பழைய கார் வச்சிருக்கிற பக்தர்களுக்கு

இது பூஜை நேரமோ அன்னதானக் கணக்கோ இல்லை. கார் விஷயம். ஆனால் நம்ம கோயில் வாசல்ல நடந்ததாலதான் இங்க எழுதுறேன்.

போன வெள்ளிக்கிழமை சாயங்கால ஜேம்ல மாட்டி, பூஜைக்கு வந்து சேர்ந்த ஒரு அண்ணனோட பழைய கார்ல முன்பக்கம் ஆவியா வந்துச்சு. கால் கழுவுற பைப்புல வாளி நிறைய தண்ணி பிடிச்சுக்கிட்டு ரெண்டு தம்பிங்க ஓடினாங்க. நான் எட்டி நின்னு "திறக்காதீங்க"ன்னு கத்துறதுக்குள்ள அண்ணன் துண்டை வச்சு ரேடியேட்டர் மூடியைத் திருகிட்டாரு. கை வெந்து போச்சு. முகத்துல படாதது அம்மன் புண்ணியம்.

தண்ணி 100 டிகிரியில கொதிக்கும்னு பள்ளிக்கூடத்துல படிச்சோம். காருக்குள்ள அப்படி இல்லை. மூடி அழுத்தத்தைப் பிடிச்சு வச்சிருக்கிறதால 100 தாண்டியும் அது கொதிக்காம இருக்கும். மூடியைத் திறந்த அந்த நொடியே எல்லாம் ஒண்ணா பொங்கி வெளிய அடிக்கும். துண்டு ஒண்ணும் காப்பாத்தாது. இஞ்சினை அணைச்சு, பானெட்டைத் திறந்து விட்டு, மேல் ஹோஸ் கை வச்சா சூடே தெரியாத அளவுக்கு ஆறட்டும். அரை மணி நேரம் சில சமயம் பத்தாது. கொதிக்கிற இஞ்சின்ல பச்சைத் தண்ணி ஊத்தினா ஹெட் வெடிப்பு விடும், அது தனிச் செலவு.

சரி, இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதின்னு கேட்பீங்க. நான் ஃபோர்மேன் இல்லை. தொழிற்சாலையில சூப்பர்வைசர். மெஷின் நின்னா "எந்த சாமான் மாத்தலாம்"னு கேட்கிற பையனை நான் திட்டுவேன். முதல்ல ஏன் நின்னுச்சுன்னு சொல்லுடான்னுவேன். ஆனால் என் சொந்தக் கார்ல நாலு மாசம் அந்தப் பையன் செஞ்ச தப்பையே நானும் செஞ்சேன்.

என் கார் 2001 மாடல். வாரத்துக்கு அரை லிட்டர் தண்ணி குறையும். காலையில வீட்டு முன்னாடி தரையைப் பார்த்தா ஒரு சொட்டு ஈரம் இருக்காது. பட்டறைக்குப் போனேன். முதல்ல மூடி மாத்தினாங்க. அப்புறம் தெர்மோஸ்டாட். அப்புறம் ரேடியேட்டர். கடைசியில வாட்டர் பம்ப், அதோட டைமிங் பெல்ட். மொத்தம் 850 வெள்ளி. தண்ணி குறையறது மட்டும் நிக்கலை. அடுத்தது ஹெட் கேஸ்கெட்தான், 1,200 ஆகும்னாங்க. நானும் அப்புறம் பார்க்கலாம்னு பூட்டுல ரெண்டு பாட்டில் பைப் தண்ணி வச்சுக்கிட்டு ஓட்டினேன்.

ஈப்போவுல சித்தப்பாவோட 16ஆம் நாள் காரியம். அம்மாவுக்கு 78 வயசு, கூட்டிக்கிட்டுப் போறேன். ஸ்லிம் ரிவர் தாண்டி தாப்பா வர்றதுக்குள்ள முள் மேல ஏறுது. எமர்ஜென்சி லேன்ல ஒதுக்கினேன். வெயில்ல, லாரிங்க காத்தடிச்சுக்கிட்டுப் போற ஓரத்துல அம்மா ரெண்டு மணி நேரம் தடுப்புக்கு அந்தப் பக்கம் குடை பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. காரியம் முடிஞ்ச பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். கூடப் பிறந்த தங்கை மாதிரி பழகின சித்தி முன்னாடி அம்மா அழுதாங்க. நான் ஒண்ணும் பேசலை.

திரும்பி வந்து வேற பட்டறை. வயசான சீன ஃபோர்மேன். சாமானைத் தொடவே இல்லை, கேள்விதான் கேட்டாரு. ஜேம்ல நிக்கும்போது சூடாகுதா, ஹைவேயில ஓடும்போதா? எவ்வளவு நாளைக்கு ஒரு தடவை ஊத்துற? எண்ணெய் பால் கலந்த மாதிரி இருக்கா? காலையில ஸ்டார்ட் பண்ணினா வெள்ளைப் புகை நிக்காம வருதா? ஜேம்ல மட்டும் ஏறுச்சுன்னா முதல்ல ஃபேன் பக்கம் பார்ப்பாராம், வேகமா ஓடும்போது ஏறுச்சுன்னா தண்ணி குறைவு, அடைப்பு, பம்ப் பக்கம்.

அப்புறம் ரேடியேட்டர் வாயில ஒரு கை பம்பை மாட்டி, மூடியில போட்டிருக்கிற அளவுக்குக் காத்து அடிச்சாரு. முள் மெதுவா இறங்குச்சு. டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வச்சுத் தேடி, இன்டேக்குக்கு அடியில ஒளிஞ்சிருந்த ஒரு குட்டி ஹோஸைக் காட்டினாரு. அதைச் சுத்தி பச்சையா உப்புப் பூத்த மாதிரி காய்ஞ்சு கிடக்குது. சூடாகி அழுத்தம் ஏறினா மட்டும் கசியும், கசிஞ்சது சூட்டுலயே காய்ஞ்சிடும். தரையில எப்படி சொட்டும்? ஹோஸ் 18 வெள்ளி. கூலி 80. டெஸ்டுக்கு 50. ஹெட் கேஸ்கெட்டுக்கும் நீல நிற மருந்து வச்சுப் பார்த்தாரு. இஞ்சின் புகை தண்ணியில கலந்திருந்தா அது மஞ்சளா மாறும். மாறலை. முள் ஏறினவுடனே நிறுத்தினதால தப்பிச்சேன்.

இப்ப என் கருத்தைச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. முதல் பட்டறையை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். நான் போய் என்ன கேட்டேன்? "ரேடியேட்டர் மாத்த எவ்வளவு?"ன்னுதான் கேட்டேன். கண்டுபிடிக்கிறதுக்குக் காசு கேட்டா நமக்குக் கசக்குது, "சும்மா பார்த்ததுக்கு 50ஆ?"ங்கிறோம். அதே ஆள் கையில ஒரு புது சாமானைக் கொடுத்து 330 கேட்டா பேசாம எடுத்துக் கொடுக்கிறோம். இப்படி இருந்தா எந்தப் பட்டறைக்காரன் உட்கார்ந்து தேடுவான் லா?

"பழைய காரை வித்துட்டுப் புதுசு வாங்குங்க"ன்னு பிள்ளைங்க சொல்லுதுங்க. 9 வருஷ லோன் போட்டா எனக்கு எத்தனை வயசாகும்னு கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்க. நம்ம கோயிலுக்கு வர்ற பாதிப் பேர் ரிட்டையர் ஆனவங்க. அவங்க காரைக் காப்பாத்துறதுதான் புத்தி.

இன்னொரு விஷயம். நம்ம நாட்டுல பனி இல்ல, கூலண்ட் எதுக்குன்னு ஒரு பேச்சு உண்டு. அது துரு பிடிக்காம இருக்கவும்தான். வெறும் பைப் தண்ணியில வருஷக்கணக்கா ஓடின கார்ல மூடியைத் திறந்தா தேத்தண்ணி நிறத்துல இருக்கும், பார்த்திருப்பீங்க. ஒழுக்கு அடைக்கிற பவுடரும் போடாதீங்க, ஒழுக்கோட சேர்த்து ரேடியேட்டரையும் அடைச்சு விட்டுடும். தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறிஞ்சிட்டு ஓட்டுறதையும் விடுங்க. முக்கியமா, சூடாகிப் போன முள் திடீர்னு கீழ இறங்கினா சந்தோஷப்படாதீங்க. சென்சார்கிட்ட தண்ணியே இல்லாமப் போயிருக்கலாம். உடனே நிறுத்துங்க.

அந்தக் கை பம்பை நானும் ஒண்ணு வாங்கிட்டேன். தண்ணி குறையுற கார் வச்சிருக்கிறவங்க ஞாயிறு காலை 8 மணிக்குக் கோயில் பின்பக்கம் கொண்டு வாங்க. காசு வேணாம். பக்கத்துல இருக்கிறவங்க மட்டும் ஓட்டிட்டு வாங்க, வந்ததும் நிறுத்திட்டுப் போய் சாமி கும்பிட்டுப் பசியாறிட்டு வாங்க, அதுக்குள்ள இஞ்சின் ஆறிடும். தூரத்துல இருந்து வர்றவங்க முதல்ல எனக்கு மெசேஜ் போடுங்க, ஓட்டலாமா வேணாமான்னு பேசிக்கலாம். கை வெந்த அண்ணன் காரைத்தான் முதல்ல பார்க்கப் போறோம்.